சேலம்: ரத்தத்தில் என்.எஃப்.எல். 'ஹை'ன்னு வந்திருக்கு, எம்.எஸ். முத்திடுச்சுன்னு அர்த்தமா?

கொலுசுப்பட்டறை:

வணக்கங்க. செவ்வாய்ப்பேட்டையில வெள்ளிப் பட்டறை வச்சிருக்கேன். தங்கச்சிக்கு 31 வயசு. ரெண்டு வருஷமா மல்டிபிள் ஸ்க்ளெரோசிஸ் (எம்.எஸ்., உடம்போட எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவட நரம்புகளோட உறையைத் தாக்குற நோய்). டைமெத்தில் ஃப்யூமரேட் மாத்திரை எடுத்துக்கறா. சமீபத்துல மறுபடி அட்டாக் வந்துச்சு. இடுப்பைச் சுத்தி இறுக்கிப் பிடிக்கிற வலி, வலது கால் முழங்காலுக்குக் கீழ மரத்துப் போச்சு. அஞ்சு நாள் ஸ்டீராய்டு ட்ரிப்ஸ் ஏத்தினாங்க. இப்ப நடக்கிறா, படி ஏறும்போது மட்டும் கைப்பிடி வேணும்.

சொந்தக்காரர் ஒருத்தர், "நோய் எவ்வளவு தீவிரம்னு ரத்தத்துலயே சொல்லிடறாங்க, எடுத்துப் பாருங்க"ன்னு சொன்னார். டாக்டர் சீட்டு இல்லாமலேயே லேபுல கொடுத்தோம். ரிப்போர்ட் நேரா அவ போனுக்கே போயிடுச்சு. என்.எஃப்.எல்.ங்கிற நரம்புப் புரதம் ஒரு மில்லிக்கு 16.4 பிகோகிராம், பக்கத்துல "10-க்குள் இருக்க வேண்டும்"னு போட்டு, தடிச்ச எழுத்துல 'ஹை'. அதைப் பார்த்ததுல இருந்து சரியா சாப்பிடறதில்லை. "வீல்சேர்தானா அண்ணா?"ன்னு கேக்கறா. நியூரோ டாக்டர் அப்பாயின்ட்மென்ட்டுக்கு இன்னும் நாள் இருக்கு. இந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஏற்காடு_மிளகு:

தம்பி, முதல்ல தங்கச்சிகிட்ட இதைச் சொல்லுங்க: எனக்கு எம்.எஸ். வந்து பதினஞ்சு வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னும் பள்ளிக்கூடத்துல பாடம் எடுக்கறேன். கைத்தடி இருக்கு, வீல்சேர் இல்லை. எல்லாருக்கும் என்னை மாதிரியே இருக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒரு ரத்த ரிப்போர்ட்டைப் பார்த்து வீல்சேர்னு முடிவு கட்ட முடியாது, அதை உறுதியாச் சொல்வேன்.

டாக்டருங்க ஊனத்தை அளக்க இ.டி.எஸ்.எஸ்.னு ஒரு அளவு வச்சிருக்காங்க. 1983-ல் கர்ட்ஸ்கே என்ற நரம்பியல் மருத்துவர் வெளியிட்டது. 0-வில் இருந்து 10 வரைக்கும், அரை அரைப் புள்ளியா ஏறும். துணையில்லாம 500 மீட்டர் நடந்தா 4 பக்கம், 100 மீட்டருக்கே ஒரு பக்கம் தடி வேணும்னா 6. அதுல ரத்த நம்பர் எதுவும் கிடையாது. உங்க தங்கச்சி நடக்கிறா, படி ஏறுறா. டாக்டர் முதல்ல அதைத்தான் பார்ப்பார்.

அட்டாக் வந்து எத்தனை வாரம் கழிச்சு ரத்தம் கொடுத்தீங்க?

நரம்பியல்_இரவுப்பணி:

நரம்பியல் பிரிவில் பணிபுரிகிறேன். நான் இங்கே எழுதுவது பொது விளக்கம் மட்டுமே. சிகிச்சை முடிவை அவரைப் பார்க்கும் மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

ஏற்காடு அக்கா கேட்டதுதான் முதல் கேள்வி. அதோடு இவையும் வேண்டும்: எடை, உயரம், கிரியாட்டினின் (சிறுநீரகச் சோதனை), சர்க்கரை. அண்மையில் கீழே விழுந்து தலையில் அடிபட்டதா? ரிப்போர்ட்டில் சீரம் (ரத்தத்தை உறையவிட்டுப் பிரிக்கும் நீர்) என்று இருக்கிறதா, பிளாஸ்மா (உறையவிடாமல் பிரிப்பது) என்று இருக்கிறதா? எந்தக் கருவியில் அளந்தார்கள் என்று அடியில் சிறிய எழுத்தில் இருக்கும். இவை தெரியாமல் 16.4 என்பதைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் அது ஊகம்தான்.

இன்னொன்று. டைமெத்தில் ஃப்யூமரேட் எடுப்பவர் என்கிறீர்கள். கடைசியாக சி.பி.சி. (ரத்த அணுக்களை எண்ணும் சோதனை) எடுத்தது எப்போது? அதில் லிம்ஃபோசைட் (வெள்ளையணுக்களில் ஒரு வகை) எவ்வளவு?

கொலுசுப்பட்டறை:

அட்டாக் வந்து ஏறக்குறைய ஆறு வாரம் கழிச்சு கொடுத்தோம் சார். எடை 46 கிலோ, உயரம் 158 செ.மீ. கிரியாட்டினின் 0.7, சர்க்கரை கிடையாது. அடி எதுவும் படலை. சீரம்னு போட்டிருக்கு. சி.பி.சி. எப்ப எடுத்தோம்னு ஃபைலைப் புரட்டிட்டு இருக்கேன்.

பைப்பெட்_கை:

ஓமலூர் ரோடு பக்கம் ஒரு லேபுல வேலை. இந்த டெஸ்டை நாங்க இங்க பண்றதில்லைங்க. ரத்தத்தை எடுத்து, உறையவிட்டு, சுத்தவிட்டுப் பிரிச்சு, சீரத்தை மட்டும் குளிர்பெட்டியில பெரிய ஊருக்கு அனுப்புவோம். சேலத்துல பெரும்பாலும் இப்படித்தான்.

இந்த அளவு எவ்வளவு நுணுக்கமானதுன்னு புரிஞ்சா நல்லது. பிகோகிராம்னா ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. நம்ம மேட்டூர் அணை முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அணை நிரம்பி நிக்கிறப்போ ஒரு மூட்டைக்கும் குறைவா, 42 கிலோ உப்பை அதுல கரைச்சா என்ன செறிவு வருமோ, ஏறக்குறைய அதுதான் ஒரு மில்லிக்கு 16 பிகோகிராம். எலிசாங்கிற வழக்கமான லேப் முறையில ரத்தத்துல இதை ஒழுங்காப் பிடிக்க முடியாது. 2010-ல் சிமோவா என்கிற, மூலக்கூறை ஒவ்வொண்ணா எண்ணுற முறை வந்த பிறகுதான் ரத்தத்துலயே பார்க்க முடிஞ்சது. அதுக்கு முன்னாடி முதுகுல ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்துத்தான் பார்த்தாங்க.

அதனால ஒரு கருவியில வந்த நம்பரை இன்னொரு கருவி நம்பரோட ஒப்பிடாதீங்க. சீரத்துல வர்ற நம்பர் பிளாஸ்மாவுல வர்றதை விடக் கொஞ்சம் கூடுதலா இருக்கும். அடுத்த முறை எடுத்தா அதே லேப், அதே கருவி, அதே சீரம்.

நரம்பியல்_இரவுப்பணி:

பைப்பெட்_கை சொன்ன கடைசி வரியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நரம்பணுவிலிருந்து நீளும் இழையை ஆக்சான் என்கிறோம். அந்த இழை வடிவம் குலையாமல் உள்ளிருந்து தாங்குபவை நியூரோஃபிலமென்ட் புரதங்கள். அவற்றில் எடை குறைந்த வகைதான் நியூரோஃபிலமென்ட் லைட் செயின், சுருக்கமாக என்.எஃப்.எல். ஆக்சான் சேதமானால் இந்தப் புரதம் தண்டுவட நீருக்குள் கசியும், அங்கிருந்து மிகச் சிறிய அளவு ரத்தத்துக்கு வரும். ரத்தத்தில் இருப்பதைவிடத் தண்டுவட நீரில் நாற்பது, ஐம்பது மடங்கு அதிகம். எம்.எஸ். நோயாளிகளின் தண்டுவட நீரில் இது கூடுகிறது என்று ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1998-லேயே காட்டிவிட்டார்கள்.

அதாவது இந்தச் சோதனை சொல்வது ஒன்றே ஒன்று: கடந்த சில வாரங்களில் நரம்பிழைகள் எவ்வளவு சேதமாயின. எதனால் சேதமாயின என்று சொல்லாது. பக்கவாதம், தலைக்காயம், ஏ.எல்.எஸ். (தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அழியும் நோய்), சர்க்கரையால் வரும் கால் நரம்புப் பாதிப்பு என எதிலும் இது ஏறும். சிறுநீரகம் மந்தமானால் உடலில் தேங்கி ஏறும். வயது கூடக் கூட, நோயே இல்லாதவர்களிலும் ஆண்டுக்கு ஆண்டு ஏறும். குண்டாக இருப்பவரின் ரத்த அளவு அதிகம் என்பதால் நீர்த்துப்போய்க் குறைவாகத் தெரியும், ஒல்லியானவருக்குச் சற்றுக் கூடுதலாகத் தெரியும். 31 வயதுக்காரருக்கும் 65 வயதுக்காரருக்கும் '10-க்குள்' என்று ஒரே கோடு போடுகிற ரிப்போர்ட்டை நான் ஏற்க மாட்டேன். அந்தக் கோட்டின்படி 65 வயதில் நலமாக இருக்கும் பலருக்கு 'ஹை' என்று வரும். 20 வயதில் உண்மையாகவே ஏறியிருக்கும் ஒருவருக்கு 'நார்மல்' என்று வந்துவிடும், அது இதைவிட ஆபத்து.

இதற்கு வழி கண்டவர்கள் சுவிட்சர்லாந்தின் பாசல் குழுவினர். எம்.எஸ். இல்லாத 5,000-க்கும் மேற்பட்டவர்களின் அளவுகளைத் திரட்டி, வயது, உடல் எடைக் குறியீடு இரண்டையும் கணக்கில் கொண்டு, 'உங்கள் வயதும் உடல்வாகும் உள்ளவர்களோடு ஒப்பிட்டால் நீங்கள் எங்கே' என்று சொல்லும் இசட் மதிப்பை 2022-ல் லான்செட் நியூராலஜி இதழில் வெளியிட்டார்கள். இசட் 1.5 என்றால், ஒத்த 100 பேரில் ஏறக்குறைய 93 பேரை விட உங்கள் அளவு அதிகம். அதற்கு மேல் இருந்த எம்.எஸ். நோயாளிகளுக்கு அடுத்த ஓராண்டில் புதிய அட்டாக்கோ ஸ்கேனில் புதிய புள்ளியோ வரும் வாய்ப்பு சுமார் 3 மடங்காக இருந்தது. அந்த 5,000 பேரும் பெரும்பாலும் ஐரோப்பா, அமெரிக்காக்காரர்கள் என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

உங்கள் தங்கையின் 16.4, அவர் வயதுக்கு அதிகம்தான். அதை மறைக்கவில்லை. ஆனால் அட்டாக் வந்த சில வாரங்களில் இது உச்சத்துக்குப் போய், இறங்கி அடங்க இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். ஆறாவது வாரத்தில் எடுத்தால் இப்படித்தான் வரும். அட்டாக் வந்தது உங்களுக்கு முன்பே தெரியும். இந்த ரிப்போர்ட் அதைத்தான் திரும்பச் சொல்லியிருக்கிறது, வரப்போகும் காலத்தைப் பற்றி அல்ல.

கொலுசுப்பட்டறை:

சார், இதை அப்படியே அவளுக்குப் படிச்சுக் காட்டினேன். கடைசிப் பத்தியை ரெண்டு தரம் படிக்கச் சொன்னா. ரொம்ப நன்றிங்க.

சி.பி.சி. கிடைச்சிருச்சு. மாத்திரை ஆரம்பிச்சப்போ எடுத்தது ஒண்ணு, அதுக்கப்புறம் ஒண்ணு. அது முடிஞ்சும் ஒரு வருஷத்துக்கு மேல ஆகுது. லிம்ஃபோசைட் எண்ணிக்கை அப்பவே 900-னு இருக்கு.

நரம்பியல்_இரவுப்பணி:

நாளைக்கே சி.பி.சி. எடுங்கள். வெறும் வயிறு தேவையில்லை, எந்த லேபிலும் எடுக்கலாம், செலவும் குறைவு.

டைமெத்தில் ஃப்யூமரேட் சிலருக்கு லிம்ஃபோசைட்டைக் குறைக்கும். 500-க்குக் கீழே போய் ஆறு மாதத்துக்கு மேல் அங்கேயே நின்றால், ஜே.சி. வைரஸ் மூளையைத் தாக்கும் பி.எம்.எல். என்ற கொடிய தொற்றுக்கு வழி திறக்கலாம். அப்படி நின்றால் மருந்தை நிறுத்துவது பற்றி மருத்துவர் யோசிப்பார். அதற்காகத்தான் குறைந்தது ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்கச் சொல்வது. 900 பயப்படும் அளவு இல்லை, ஆனால் ஒரு வருடம் பார்க்காமல் விடும் அளவும் இல்லை.

என்.எஃப்.எல்.-ஐ விட இந்தப் பழைய, மலிவான சோதனை உங்கள் தங்கைக்கு இன்று முக்கியம்.

ஸ்டீல்பிளான்ட்_ஓய்வு:

என் மனைவிக்கு எம்.எஸ். எம்.ஆர்.ஐ. குழாய்க்குள்ள படுத்தாலே மூச்சு முட்டுதுன்னு எழுந்து வந்துடறாங்க. ஊசி மருந்து போட்டு எடுக்கறதுக்கும் பயம். இந்த ரத்த டெஸ்டையே வருஷா வருஷம் எடுத்துக்கிட்டு ஸ்கேனை விட்டுடலாமா? ரெண்டும் ஒண்ணையே சொல்லுதுன்னா எதுக்கு ரெண்டு?

ஏற்காடு_மிளகு:

எனக்கும் அந்தச் சத்தம் ஆகாதுங்க. ஆனா ஸ்கேன் 'எங்க'ன்னு சொல்லுது. மூளைத்தண்டுல ஒரு சின்னப் புள்ளி வந்தாலும் பேச்சு, விழுங்கல், பார்வைன்னு எல்லாம் கலையும். மூளையோட வேற ஒரு மூலையில அதே அளவுப் புள்ளி வந்து, ஒண்ணுமே தெரியாமப் போனவங்களும் இருக்காங்க. ரத்தத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

நரம்பியல்_இரவுப்பணி:

அக்கா சொன்னது சரி. நோயை உறுதிசெய்யும் மெக்டொனால்டு வரையறையின் புதிய திருத்தம் 2025-ல் வெளியானது. நோயின் பாதிப்பைத் தேடும் இடங்களில் கண் நரம்பை ஐந்தாவதாகச் சேர்த்தார்கள், தண்டுவட நீரில் கப்பா லைட் செயின் என்ற எதிர்ப்பொருள் துண்டின் அளவைச் சேர்த்தார்கள். ரத்த என்.எஃப்.எல்.-ஐச் சேர்க்கவில்லை. ஸ்கேனை விட்டுவிட முடியாது. ஆனால் இரண்டு ஸ்கேன்களுக்கு நடுவே, இவர் உண்மையில் அமைதியாக இருக்கிறாரா என்று சந்தேகம் வரும்போது, ரத்தம் உதவும். உங்கள் மனைவி விஷயத்தில், சத்தம் குறைக்கும் காது அடைப்பு, கூட ஒருவர் உள்ளே நிற்பது, ஸ்கேனில் புதிய புள்ளியைத் துலக்கிக் காட்டும் கேடோலினியம் ஊசி ஒவ்வொரு முறையும் தேவையா என்பது பற்றியெல்லாம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பின்தொடர் ஸ்கேன் பலருக்கு அந்த ஊசி இல்லாமலேயே எடுக்கப்படுகிறது.

ஆத்தூர்_அப்பா:

இந்த இழையைப் படிச்சதுல இருந்து எழுதணும்னு தோணிட்டே இருந்துச்சு. என் மகளுக்கு காலேஜ் முதல் வருஷத்துல ஒரு கண்ணு மங்கிப்போச்சு. ஸ்டீராய்டு போட்டு ஓரளவு திரும்பிச்சு. பெரிய ஆஸ்பத்திரி ஒண்ணுல ஸ்கேன் பார்த்து எம்.எஸ்.னு சொல்லி, இன்டர்ஃபெரான் ஊசி எழுதினாங்க. நானே வீட்டுல போட்டு விடுவேன். அதுக்குப் பிறகுதான் நிலைமை மோசமாச்சு. அடுத்த கண்ணு, அப்புறம் ரெண்டு காலும். நிக்காத விக்கலும் வாந்தியும் நாள் கணக்குல. வயித்துக் கோளாறுன்னு வயித்து டாக்டர்கிட்ட அலைஞ்சோம்.

வேற ஊர்ல ஒரு டாக்டர் விக்கல்னு சொன்ன உடனே பேனாவைக் கீழ வச்சுட்டு, "அக்வாபோரின் ஆன்டிபாடி பார்த்தாங்களா?"ன்னு கேட்டார். பார்க்கலை. ஒரே ஒரு ரத்த டெஸ்ட். பாசிட்டிவ். எம்.எஸ்.ஸே இல்லை, என்.எம்.ஓ.ன்னு சொன்னார். மருந்தை மாத்தினதும் அட்டாக் நின்னுச்சு. ஆனா வலது கண்ணு போனது போனதுதான்.

தீவிரம் எவ்வளவுன்னு அளக்க ஆயிரம் டெஸ்ட் வரட்டும். நோய் இதுதானான்னு முதல்ல பாருங்க. அந்த ரிப்போர்ட் இல்லாம எந்த அப்பனும் அந்த ஊசியைக் கையில எடுக்கக் கூடாது.

நரம்பியல்_இரவுப்பணி:

ஐயா, நீங்கள் எழுதியது இந்த இழையிலேயே முக்கியமானது.

மற்றவர்களுக்காக விளக்குகிறேன். 2004-ல் அமெரிக்காவின் மேயோ மருத்துவமனைக் குழு, நியூரோமைலைடிஸ் ஆப்டிகா (என்.எம்.ஓ., கண் நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நோய்) நோயாளிகளின் ரத்தத்தில் தனியான ஓர் எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்தது. அடுத்த ஆண்டே, அது தாக்குவது அக்வாபோரின் 4 என்ற நீர்வழிப் புரதத்தை என்று தெரிந்தது. அதுவரை எம்.எஸ்.ஸின் ஒரு வகை என்று பலர் நினைத்திருந்தது தனி நோயாகப் பிரிந்தது. இரண்டையும் கலந்துவிடக் கூடாததற்குக் காரணம், எம்.எஸ்.ஸுக்கு உதவும் இன்டர்ஃபெரான் பீட்டா, ஃபிங்கோலிமாட், நட்டலிசுமாப் ஆகியவை என்.எம்.ஓ.வை மோசமாக்கலாம். என்.எம்.ஓ.வில் நோயாளி ஒவ்வொரு அட்டாக்கிலும் பெரிதாக இழப்பார், இழந்தது முழுதாகத் திரும்பாது.

நிற்காத விக்கலும் வாந்தியும் இருந்தால் அது மூளைத்தண்டின் அடிப்பகுதியில் நடக்கும் தாக்குதலாக இருக்கலாம். தண்டுவட ஸ்கேனில் மூன்று முள்ளெலும்பு நீளத்துக்கு மேல் ஒரே தொடராக வீக்கம் இருப்பதும், இரண்டு கண்ணும் அடுத்தடுத்து மங்குவதும் அதே போல என்.எம்.ஓ.வைச் சந்தேகிக்க வைப்பவை. இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் அக்வாபோரின், மாக் (நரம்புறையில் உள்ள ஒரு புரதம்) இரண்டுக்குமான எதிர்ப்பொருளும் பார்க்காமல் எம்.எஸ். மருந்தைத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. எலிசா முறையை விட, உயிரணுவைக் கொண்டு பார்க்கும் செல் பேஸ்டு அசே முறைதான் நம்பத் தகுந்தது.

ஓமலூர்_வாசகன்:

ஆத்தூர் ஐயா வலி புரியுது. ஆனா அதுக்காக என்.எஃப்.எல்.-ஐ ஒதுக்கித் தள்ள வேண்டாம்னு நினைக்கிறேன். எனக்கு எம்.எஸ்., இதைப் பத்தி நிறையப் படிப்பேன். அமெரிக்க ராணுவ வீரர்களோட சேமிச்ச ரத்தத்தைப் பார்த்ததுல, முதல் அறிகுறிக்கு ஆறு வருஷம் முன்னாடியே சிலருக்கு என்.எஃப்.எல். ஏறியிருந்ததுன்னு 2020-ல் வந்துச்சு. 2022-ல் சயின்ஸ் இதழ்ல, அதே மாதிரி ஒரு கோடிப் பேருக்கு மேல உள்ள தொகுப்பை வச்சு, எப்ஸ்டீன் பார் வைரஸ் தொற்றுக்கு அப்புறம் எம்.எஸ். ஆபத்து 32 மடங்கு கூடுதுன்னும், அந்தத் தொற்றுக்குப் பிறகுதான் என்.எஃப்.எல். ஏற ஆரம்பிச்சதுன்னும் காட்டினாங்க. 2023-ல் ஏ.எல்.எஸ். நோயில ஒரு மரபணு வகைக்கான டோஃபர்சன் மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்ததே என்.எஃப்.எல். இறங்கினதை வச்சுத்தான். அங்க 18 புரதங்களைச் சேர்த்து நோய் இப்ப எவ்வளவு செயல்படுதுன்னு மதிப்பெண்ணாச் சொல்ற டெஸ்டும் வந்தாச்சு.

நமக்கு மட்டும் ஏன் "காத்திருங்க"? வருஷத்துக்கு ரெண்டு தரம் எல்லா எம்.எஸ். நோயாளிக்கும் எடுத்தா, மருந்து வேலை செய்யுதான்னு முன்னாடியே தெரியும்ல?

நரம்பியல்_இரவுப்பணி:

நீங்கள் சொன்ன தகவல்கள் எல்லாம் சரி. முடிவில்தான் பாதி வேறுபடுகிறேன்.

நூறு பேரை ஒரு பக்கமும் நூறு பேரை மறுபக்கமும் நிறுத்தினால் என்.எஃப்.எல். அழகாகப் பிரித்துக் காட்டும். மருந்து ஆய்வுகளுக்கு அது பெரிய துணை. ஆனால் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஒருவரின் ஒற்றை நம்பரை வைத்து, மருந்தை மாற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்க முடியாது. ஒரே ஆளிடம், அவர் அமைதியாக இருக்கும்போது எடுத்த அடிப்படை அளவு இருந்து, பிறகு அதே கருவியில் அது ஏறுகிறதா என்று பார்ப்பது வேறு. அதற்கு மதிப்பு உண்டு. எனவே உங்கள் யோசனையில் 'எல்லோருக்கும்' என்பதை எடுத்துவிட்டு, 'பார்க்கும் மருத்துவர் அடிப்படை அளவு வைத்துத் தொடரத் தயாராக இருந்தால்' என்று போட்டால் நான் உங்கள் பக்கம்.

இன்னொரு குறையும் உண்டு. என்.எஃப்.எல். அட்டாக்கை நன்றாகக் காட்டும். அட்டாக்கே இல்லாமல் மெதுவாக நடை தளர்ந்துகொண்டே போகும் கட்டத்தை அவ்வளவு நன்றாகக் காட்டாது. அங்கே ஜி.எஃப்.ஏ.பி. என்ற இன்னொரு புரதம் மேலாக இருக்கலாம் என்று அண்மை ஆண்டுகளின் ஆய்வுகள் சொல்கின்றன. அது நரம்பிழையிலிருந்து வருவதல்ல, நரம்பணுக்களைச் சூழ்ந்து பேணும் ஆஸ்ட்ரோசைட் செல்களிலிருந்து வருவது. 2023-ல் பாசல் குழு இதை நன்றாகவே காட்டியது.

தீவிரம் பற்றிக் கேட்பவர்களுக்கு இன்னொரு செய்தி. அதே 2023-ல் 12,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபணுவை ஆராய்ந்து, ஒரு குறிப்பிட்ட மாற்றத்தை இரு பெற்றோரிடமிருந்தும் பெற்றவர்களுக்கு நடைத் துணை ஏறக்குறைய 4 ஆண்டு முன்னதாகவே தேவைப்படுகிறது என்று நேச்சர் இதழில் வந்தது. அவர்கள் ஐரோப்பிய வம்சாவளியினர். இதை யாராவது ரத்தச் சோதனையாக உங்களிடம் விற்க வந்தால் எடுக்காதீர்கள். மருத்துவத்தில் அதை வைத்து இன்று மாற்றக்கூடிய முடிவு எதுவும் இல்லை.

ஏற்காடு_மிளகு:

டாக்டர் தம்பி சொன்ன அந்த 'மெதுவா நடை தளர்றது' என் கதை. கடைசி அட்டாக் வந்து வருஷக்கணக்கு ஆச்சு, ஸ்கேன்ல புதுசா எதுவும் இல்லை. ஆனா முன்னாடி பஸ் ஸ்டாண்டுல இருந்து ஏரிக்கரையைச் சுத்தி நின்னு நிதானிக்காம வருவேன், இப்ப படகுத்துறைக்குப் பக்கத்துல கல்திண்ணையில உட்கார்ந்தே ஆகணும். என் டாக்டர் ரத்தத்தை விட அந்தத் திண்ணையைப் பத்தித்தான் அதிகம் கேட்பார். எப்பவும் உட்கார்ற இடம் மாறிச்சான்னு கேட்பார். அதனால எல்லாருக்கும் சொல்றேன், வீட்டுக்குப் பக்கத்துல ஒரு தூரத்தை வச்சுக்கிட்டு கவனிச்சு எழுதி வைங்க.

அப்புறம் வெயில். சேலத்துல இருக்கறவங்களுக்கு இது முக்கியம். சித்திரை வைகாசியில ஒரு கல்யாணத்துக்கு அஸ்தம்பட்டி இறங்கினேன். மண்டபத்துல ஏசி இல்லை. ஒரு மணி நேரத்துல இடது கண்ணு மங்கி, கால் இழுக்க ஆரம்பிச்சிருச்சு. அட்டாக்னு பயந்து அட்மிட் ஆகப் போனேன். ஃபேனுக்குக் கீழ ஈரத்துணி போட்டு உட்கார வச்சதும் ராத்திரிக்குள்ள சரியாயிருச்சு.

நரம்பியல்_இரவுப்பணி:

அதற்கு ஊத்தாஃப் நிகழ்வு என்று பெயர். ஜெர்மன் கண் மருத்துவர் வில்ஹெல்ம் ஊத்தாஃப் 1890-ல் விவரித்தது. உறை கெட்ட நரம்பில் உடல் சூடு கொஞ்சம் ஏறினாலே சமிக்ஞை தடைபடும், சூடு இறங்கினால் திரும்பும். புதிதாக எந்த இழையும் சேதமாவதில்லை. ஒரு காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் இறக்கி, அறிகுறி கூடுகிறதா என்று பார்த்தே எம்.எஸ். என்று முடிவு செய்தார்கள்!

காய்ச்சலிலும் சிறுநீர்த் தொற்றிலும் இதே மாதிரி போலி அட்டாக் வரும். ஸ்டீராய்டு ஏற்றுவதற்கு முன் சிறுநீர்ச் சோதனையும் சி.ஆர்.பி. என்ற, அழற்சியைக் காட்டும் ரத்தச் சோதனையும் பார்ப்பது அதனால்தான். தொற்று இருக்கும்போது ஸ்டீராய்டு ஏற்றினால் நிலைமை சிக்கலாகும். அறிகுறி 24 மணி நேரத்துக்கு மேல் நின்று, காய்ச்சலும் தொற்றும் இல்லை என்றால்தான் அட்டாக் என்று கொள்வோம்.

ஸ்டீல்பிளான்ட்_ஓய்வு:

விட்டமின் டி ரத்தத்துல குறைஞ்சா எம்.எஸ். முத்தும்னு ஒருத்தர் சொன்னார். மாசம் ஒரு ஊசின்னு போட்டுக்கிட்டே இருக்கோம்.

நரம்பியல்_இரவுப்பணி:

விட்டமின் டி குறைவாக உள்ளவர்களுக்கு எம்.எஸ். வரும் வாய்ப்பு அதிகம் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. குறைவாக இருந்தால் மாத்திரையில் சரிசெய்யலாம். ஆனால் அளவு பார்க்காமல் மாதாமாதம் ஊசி வேண்டாம். கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும். விட்டமின் டி, கால்சியம் இரண்டும் பார்த்த பிறகு அடுத்த ஊசியை யோசியுங்கள்.

கொலுசுப்பட்டறை:

டாக்டரைப் பார்த்துட்டு வந்தோங்க. எல்லாருக்கும் சொல்லணும்.

சி.பி.சி.ல லிம்ஃபோசைட் 700. மாத்திரை எடுத்துக்கிட்டே அட்டாக் வந்திருக்கு, எண்ணிக்கையும் இறங்குது, ரெண்டையும் சேர்த்துப் பார்த்து மாத்திரையை நிறுத்தி ரிட்டுக்சிமாப்ங்கிற ட்ரிப்ஸ் மருந்து போடலாம்னு சொன்னார். என்.எஃப்.எல். ரிப்போர்ட்டை நீட்டினேன். படிச்சுப் பார்த்துட்டு, "அட்டாக் சமயத்துல எடுத்தது. இதை வச்சு நான் எதையும் முடிவு பண்ணலை, மருந்து மாத்தறது அட்டாக்குக்காகத்தான்"னு தங்கச்சியைப் பார்த்தே சொன்னார். அவகிட்ட அது வேலை செஞ்சிருக்கு. வர்ற வழியில அஞ்சு ரோட்டுல நிறுத்தி தட்டுவடை செட் கேட்டு வாங்கிச் சாப்பிட்டா.

ரிட்டுக்சிமாபுக்கு முன்னாடி எடுக்க நிறைய எழுதியிருக்கார்: ஹெபடைட்டிஸ் பி ரெண்டு விதம், டி.பி. டெஸ்ட், ஐ.ஜி.ஜி., அப்புறம் அக்வாபோரின், மாக். இது வரைக்கும் அக்வாபோரின் பார்க்கவே இல்லைன்னு அப்பதான் தெரிஞ்சது. ஆத்தூர் ஐயா எழுதினதைப் படிச்சதால நானே கேட்டேன், அவர் தலையாட்டிக்கிட்டே எழுதினார்.

ரெண்டு சந்தேகம். ஸ்டீராய்டு போட்டு இவ்வளவு நாள் ஆன பிறகு அக்வாபோரின் எடுத்தா சரியா வருமா? என்.எஃப்.எல். திரும்ப எப்ப எடுக்கறது?

நரம்பியல்_இரவுப்பணி:

ஹெபடைட்டிஸ் பி-யில் மேற்பரப்பு ஆன்டிஜென், கோர் ஆன்டிபாடி இரண்டும் கட்டாயம். பழைய தொற்று உள்ளே ஒளிந்திருந்தால் ரிட்டுக்சிமாப் அதைக் கிளப்பிவிடும், கல்லீரல் கெடும். ஐ.ஜி.ஜி. என்பது ரத்தத்தில் உள்ள எதிர்ப்பொருள் வகை, அது இப்போது எவ்வளவு என்று தெரிந்தால்தான் பின்னால் குறைகிறதா என்று பார்க்க முடியும்.

அக்வாபோரின் இப்போது எடுக்கலாம். ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பொருளின் அளவைச் சற்றுக் குறைத்திருக்கலாம், ஆனால் தவறவிடக் கூடாத எல்லை ரிட்டுக்சிமாபின் முதல் டோஸ். அந்த மருந்து எதிர்ப்பொருள் உருவாக்கும் செல்வரிசையையே குறைப்பதால், பிறகு எடுத்தால் 'நெகட்டிவ்' என்பதை நம்ப முடியாது. நெகட்டிவ் என்றே வந்து மருத்துவருக்குச் சந்தேகம் நீடித்தால் சில மாதம் கழித்து மீண்டும் பார்ப்பார். பாசிட்டிவ் என்று வந்தாலும் கலங்க வேண்டாம், ரிட்டுக்சிமாப் என்.எம்.ஓ.விலும் வேலை செய்யும் மருந்து.

என்.எஃப்.எல். அவசரமில்லை. மருத்துவர் வேண்டும் என்றால், அட்டாக்கிலிருந்து மூன்று மாதம் தாண்டியபின், காய்ச்சல் எதுவும் இல்லாத நாளில் எடுத்தால் அது அவருடைய அடிப்படை அளவாக நிற்கும்.

பைப்பெட்_கை:

அக்வாபோரின் கொடுக்கும்போது கவுன்ட்டர்ல "செல் பேஸ்டு அசே"ன்னு சீட்டுலயே எழுதச் சொல்லுங்க அண்ணா. எழுதலைன்னா சில இடத்துல எலிசாவுக்குப் போயிடும். ரிப்போர்ட் வந்ததும் 'மெத்தட்'னு ஒரு வரி இருக்கும், அதைச் சரிபார்த்துக்கோங்க. அக்வாபோரினும் மாக்கும் ஒரே ரத்தத்துல பார்க்கலாம், தங்கச்சியை ரெண்டு தடவை குத்த விடாதீங்க.